பாதையில்லாச் சிகரங்களுக்கு ஒரே ஒரு தடம்

நியூயார்க் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கு,



அக்டோபரில் கேட்ஸ்கில் மலைகளில் மேப்பிள் இலைகள் சிவந்ததும், அடிவாரத்து வண்டி நிறுத்துமிடங்கள் காலையிலேயே நிரம்பிவிடுகின்றன. குழுவாக வருகிறவர்களில் ஒரு சாரார் தேடி வருவது ஃப்ரைடே, பால்சம் கேப், ராக்கி, லோன் என்ற நான்கு சிகரங்களை. இவற்றுக்கு அடையாளமிட்ட பாதை கிடையாது. திசைகாட்டியை நம்பிக் காட்டுக்குள் புகுந்து ஏற வேண்டும். 3,500 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ஏறி முடிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தின் பட்டியலில் நான்கும் இருப்பதால், ஆட்கள் வருவது நிற்கப்போவதில்லை.

வரைபடத்தில்தான் பாதை இல்லை. தரையில் பல உண்டு.

உச்சியை நெருங்க நெருங்க ஃபர் மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்கும். பாறைமேல் சில அங்குல மண்தான், அதன்மேல் பாசி. பத்துப் பேர் வரிசையாக ஏறும்போது முதல் ஆளின் காலுக்குப் பாசி அமுங்கி நிமிர்கிறது. ஐந்தாம் ஆளுக்கு லேசாக நழுவுகிறது. கடைசி ஆள் கால் வைக்கையில், கல்லிலிருந்து தோசை எடுத்ததுபோல் விரிப்பு முழுதாகப் பெயர்ந்து ஈரப்பாறை பல்லிளிக்கிறது. அடுத்த வாரக் குழு வழுக்கலுக்கு அஞ்சி இரண்டடி தள்ளி ஏறும். இரண்டாவது தடம் இப்படித்தான் பிறக்கிறது.

உதிர்ந்த இலை எல்லாத் தடங்களையும் ஒன்றுபோல மூடிவிடும். எது இறங்கும் வழி, எது செங்குத்துப் பாறையில் போய் முட்டும் என்று தெரியாமல் குழுக்கள் தடுமாறுகின்றன. நவம்பரில் கோடை நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

இதே ஃபர் காடுதான் பிக்னெல் பூங்குருவி கூடு கட்டும் இடம். 1881இல் யூஜீன் பிக்னெல் அந்தப் பறவையை முதலில் அடையாளம் கண்டது பக்கத்திலுள்ள ஸ்லைடு மலையில். இலையுதிர் காலத்தில் அது கரீபியத் தீவுகளுக்குப் போய்விடும். ஏறுகிறவர்கள் அதைப் பார்ப்பதேயில்லை. அதன் வீட்டைத்தான் மிதிக்கிறார்கள்.

தங்கள் துறைக்கு இது புதிய சிக்கலும் அல்ல. அடிராண்டாக் மலைகளில் பாதையில்லாச் சிகரங்களுக்கு ஆளுக்கொரு வழி தேடிய காலம் இருந்தது. அங்கே சிகரத்துக்கு ஒரு தடம் எனத் தேர்ந்து, மற்றவற்றைச் சுள்ளியும் கிளையும் போட்டு அடைத்தார்கள். அங்குள்ள 46 உயர்ந்த சிகரங்களையும் ஏறியவர்களின் சங்கம் அதற்குத் தோள்கொடுத்தது. கேட்ஸ்கில்லுக்கும் அதையே செய்யுங்கள். காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்கிறது 1894ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு. ஏற்கெனவே தேய்ந்த தடங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூட ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

அதுவரை அடிவாரப் பலகையில் இரண்டு வரி எழுதினாலும் போதும்: தடம் இருக்கும் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக, அது சேறாக இருந்தாலும் அதிலேயே நடங்கள், தடமே இல்லாத இடத்தில் பக்கவாட்டில் பரவி நடங்கள்.

தடங்களை அடைக்கும் வேலையைக் கோடையில் தொடங்க வேண்டாம். குஞ்சுகள் பறந்து, பூங்குருவிகள் தெற்கே கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கேட்ஸ்கில் மலைகளில் நடக்கும் ஒருவர்