முதுகில் ஒரு இலையளவு இடம்

ஜெர்மானியரின் நிபெலுங்கன் காவியம் ஏறத்தாழ 1200இல் எழுதப்பட்டது. அதன் நாயகன் சீக்ஃபிரீட் ஒரு டிராகனைக் கொன்று அதன் இரத்தத்தில் குளிக்கிறான். அதன்பின் எந்த ஆயுதமும் அவன் தோலைத் துளைக்காது. குளிக்கும்போது முதுகில் ஒரு இலை ஒட்டியிருந்ததால் அந்த இடம் மட்டும் நனையவில்லை. துரியோதனனுக்குத் தொடை என்றால் இவனுக்கு அது. ஊற்றில் குனிந்து தண்ணீர் குடிக்கையில் ஹாகன் அதே இடத்தில் ஈட்டியைப் பாய்ச்சிவிடுகிறான். ஹாகன் எதிரி நாட்டவன் அல்ல. சீக்ஃபிரீடின் மனைவி வீட்டைச் சேர்ந்தவன்.

முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படை தனது தற்காப்பு அரண் ஒன்றுக்கே சீக்ஃபிரீட் பெயரை வைத்திருந்தது. தோற்ற பிறகு தளபதிகளுக்கு அவனுடைய சாவும் பயன்பட்டது.

1918 செப்டம்பர் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் தளபதிகள் லூடன்டார்ஃபும் ஹிண்டன்பர்க்கும் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மிடம், உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்றார்கள். நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சியில் சேர்ப்பதற்கும் இசைந்தார்கள். தாராள மனத்தால் அல்ல; சமாதானம் கேட்கும் அவமானம் அந்தக் கட்சிகளின் தலையில் விடியட்டும் என்பதுதான் லூடன்டார்ஃபின் கணக்கு. தன் அதிகாரிகளிடம் அவர் அதை ஒளிக்கவும் இல்லை. நவம்பர் 11 அன்று கொம்பியேன் காட்டில், ரயில் பெட்டிக்குள் கையெழுத்திட்ட தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. நிபந்தனைகள் தளராவிட்டாலும் ஒப்புக்கொள்ளலாம் என்று முந்தைய நாள் தந்தி கொடுத்தவர் ஹிண்டன்பர்க்.

இந்த உள்விவகாரம் சாதாரண மக்களுக்குத் தெரியாது. அந்தக் கோடைவரை பத்திரிகைகளில் வெற்றிச் செய்திதான். போர் நின்ற நாளிலும் ஜெர்மானியப் படை அந்நிய மண்ணில்தான் நின்றது. டிசம்பரில் பெர்லின் திரும்பிய வீரர்களை வரவேற்ற எபர்ட், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்ற பொருள்படப் பேசினார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவரான அவர் ஆறுதலாகச் சொன்னது அவருக்கே வினையாகப் போனது. வெல்ல முடியாத படை எப்படி விழுந்தது என்ற கேள்விக்கு, ஊரறிந்த கதையில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்ததே!

1919 நவம்பர் 18 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் ஹிண்டன்பர்க் எழுதி வந்ததை வாசித்தார்: படை பின்னாலிருந்து குத்தப்பட்டது என்று ஓர் ஆங்கிலேயத் தளபதியே சொன்னாராம். பெயர் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் சீக்ஃபிரீடையும் ஹாகனின் ஈட்டியையும் நேராகவே ஒப்பிட்டார்.

தொன்மம் பரப்புரைக்குத் தரும் பெரிய வசதி, கேட்பவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை என்பது. வேடத்துக்கு ஆள் மாற்றினால் போதும். 1919இல் வந்த ஓர் ஆஸ்திரிய அஞ்சலட்டையில் படைவீரனின் முதுகில் குத்துபவன் கேலிச்சித்திர யூதன். 1924 தேர்தலில் தேசியவாதக் கட்சியின் சுவரொட்டியில் அதே முதுகு, அதே குத்துவாள். குத்தியவர்கள் சமூக ஜனநாயகவாதிகள். ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த யூத வீரர்கள் ஏறத்தாழ 12,000 பேர் என்ற கணக்கால் அந்தப் படத்தை அழிக்க முடியவில்லை. கதை கேட்ட கேள்வி வேறு, கணக்கு சொன்ன பதில் வேறு.

எர்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்ட் 26 அன்று முன்னாள் படை அதிகாரிகள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். குடியரசுத் தலைவராகிவிட்ட எபர்ட் தொடர்ந்த அவதூறு வழக்கில் 1924 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவதூறை வெளியிட்ட பத்திரிகை ஆசிரியருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் 1918 ஜனவரி வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற எபர்ட் சட்டப்படி தேசத்துரோகம் செய்தவரே என்றும் நீதிமன்றம் எழுதி வைத்தது. அந்தப் போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர் அவர். 1925 பிப்ரவரியில் இறந்தார். காலியான பதவிக்கு ஏப்ரலில் மக்கள் தேர்ந்தெடுத்தது ஹிண்டன்பர்க்கை.

எதிர்த்தரப்பும் இந்த முதுகுக்குத்துக் கதையை மறக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நிபந்தனையற்ற சரணாகதி கேட்டதற்கு, அந்தக் கதை மறுபடி முளைக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். 1945 மே மாதம் பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் சரணாகதிப் பத்திரத்தை வைத்தபோது அரசியல்வாதி யாரையும் கூப்பிடவில்லை. பேனாவைப் பிடித்தவர் ஃபீல்டு மார்ஷல் கைட்டல்.