அயர்லாந்துக்குப் போகின்றவர்களுக்கு

வெளிநாட்டு உத்தியோகம் என்றால் நம்மவர்கள் முதலில் பார்ப்பது நாள், நட்சத்திரம், சூலம், சகுனம். அடுத்தபடியாகக் கேட்பது சம்பளம். போகின்ற நாடு எப்படிப்பட்டது, அங்குள்ள ஜனங்கள் எதற்காகப் பாடுபட்டார்கள் என்று கேட்பவர்கள் ஆயிரத்தில் ஒருவராவது இருப்பார்களா என்பது சந்தேகமே. இப்போது நர்சு வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் பலர் அயர்லாந்துக்குப் புறப்படுகின்றபடியால் அந்நாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுவது அவசியமென்று கருதுகின்றோம்.

அயர்லாந்து அய்ரோப்பாவில் ஒரு சிறு நாடு. 2022ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அங்குள்ளவர்கள் 51 லட்சத்துச் சொச்சம் பேரேயாவார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியிலிருந்து 1922இல் விடுபட்டது. விடுபட்டது சரி, ஆனால் அதிகாரம் யார் கைக்குப் போயிற்று? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் பாதிரிமார் கைக்குப் போயின. கர்ப்பத்தடைச் சாமான்களை விற்பது 1935இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1937இல் எழுதிய அரசியல் சட்டம் விவாகரத்தே கூடாதென்றது. மணமாகாமல் தாயான பெண்கள் பலர் கன்னியாஸ்திரீ மடங்களின் சலவைச் சாலைகளில் கூலியில்லாமல் துணி வெளுத்துச் சாகவும் நேர்ந்தது. கடைசிச் சலவைச் சாலை மூடப்பட்டது 1996இல். பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டது 2013இல்!

நம் நாட்டுப் பெண்ணொருத்தியும் இதற்குப் பலியானாள். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் டாக்டரான சவிதா ஹலப்பனவருக்கு 2012இல் கர்ப்பம் கலையத் தொடங்கியது. கருவைக் கலைத்து உயிரைக் காப்பாற்றும்படி கேட்டார். சிசுவின் இருதயம் துடிக்கின்றது, ஆகவே முடியாதென்று சொல்லப்பட்டது. இரத்தத்தில் விஷமேறி 31ஆம் வயதில் இறந்து போனார்.

நிற்க, அந்த ஜனங்கள் அப்படியே இருந்துவிட்டார்களா? இல்லை. கருக்கலைப்புத் தடையை 1983இல் நூற்றுக்கு 67 பேர் ஓட்டுப்போட்டு அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். 35 வருஷங் கழித்து, 2018இல், நூற்றுக்கு 66 பேர் ஓட்டுப்போட்டு அதைப் பிடுங்கி எறிந்தார்கள். 1986இல் விவாகரத்து வேண்டாமென்றவர்கள் 1995இல் சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில் வேண்டுமென்றார்கள். ஒரே பாலார் மணஞ்செய்து கொள்ளும் உரிமையை 2015இல் ஓட்டெடுத்து வழங்கினார்கள். தெய்வ நிந்தனை குற்றம் என்ற வாசகத்தையும் 2018இல் நீக்கினார்கள். இவையெல்லாம் கடவுள் சித்தத்தாலா நடந்தன? மனிதன் யோசித்ததால் நடந்தன. 1961இல் நூற்றுக்கு 95 பேர் கத்தோலிக்கர்; 2022இல் 69 பேர். மதமே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் 14 பேர்.

இனிப் போகின்றவர்கள் எதிர்பார்க்க வேண்டியது என்ன? முதலாவது கஷ்டம் வீடு. டப்ளினில் வாடகை வீடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். ஆகவே கடன் வாங்கிப் போகின்றவர்கள் வாடகையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்களாக. இரண்டாவது, போய்ச் சேர்ந்த 90 நாளைக்குள் பதிவு செய்து கொள்ள வேண்டும். அந்நாடு ஷெங்கன் உடன்பாட்டில் சேராததால் அதன் விசாவை வைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட முடியாது. மூன்றாவது, டிசம்பரில் காலை எட்டரை மணிக்குமேல் விடிந்து மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இதற்குப் பரிகாரம் கம்பளிச் சட்டையே ஒழிய சனீஸ்வரனுக்கு எள்விளக்கு அல்ல.

நான்காவது, ஆரம்பப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை இன்னும் கத்தோலிக்கச் சபையின் ஆதீனத்திலேயே இருக்கின்றன. ஆனால் பிள்ளையை மதபோதனையில் சேர்க்க வேண்டாமென்று சொல்லப் பெற்றோருக்கு அரசியல் சட்டப்படி உரிமையுண்டு. கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

அய்ந்தாவது, 2025இல் டப்ளினில் இந்தியர்கள் சிலரை அடித்துக் காயப்படுத்தினார்கள். அப்போதைய ஜனாதிபதி ஹிக்கின்ஸ் இதை வெளிப்படையாய்க் கண்டித்தார். 1845 முதல் வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டு, பத்து லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளிநாடு ஓடிய ஜனங்கள், பிழைக்க வந்தவனை அடிப்பது வெட்கக்கேடு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நாம் ஒன்று கேட்கின்றோம். நிறத்தைப் பார்த்து ஒருவன் அடித்தால் அநியாயம் என்று அலறுகின்ற நம்மவர், அதே டப்ளினில் பக்கத்து அறைக்காரனை "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று விசாரித்து ஜாதியைத் தோண்டினால் அதற்குப் பெயர் என்ன? அந்த நாட்டார் பல நூறு வருஷத்துப் பாதிரி மூட்டையை ஓட்டுச் சீட்டினால் இறக்கி வைத்துக் கொண்டிருக்கும்போது, நாம் ஜாதி மூட்டையையும் ஜாதகக் கட்டையும் ஆகாயக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதா?

தோழர்களே! கம்பளியை எடுத்துப் போங்கள், படிப்பை எடுத்துப் போங்கள், மானத்தை எடுத்துப் போங்கள். ஜாதியை மட்டும் இங்கேயே கொளுத்திவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது, ஜனங்கள் மனம் வைத்தால் 35 வருஷத்தில் ஒரு நாட்டை மாற்றிவிடலாம் என்ற பாடத்தைக் கொண்டு வாருங்கள். அதுதான் நீங்கள் அனுப்பும் பணத்தைவிட நமக்கு அதிகம் தேவையானது.