தன் கையே தனக்குதவி



பத்து காவானில் தோட்டம் இருந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. ஆனாலும் சைக்கிள் நம்மை விட்டுப் போகவில்லை. அன்று பால்மரம் வெட்டப் போன சைக்கிளுக்குப் பின்னால் ஒரே பல்சக்கரம். இன்று பிள்ளைகள் கேட்பதோ கியர் சைக்கிள்.

கியர் தாவுகிறதா? பெரும்பாலும் கியர் வயர் தளர்ந்திருக்கும். பின் கியரில் வயர் நுழையுமிடத்தில் சிறு குமிழ் ஒன்று உண்டு. சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின்னாலிருந்து பார்த்து இடப்புறமாகக் கால் சுற்றுத் திருகுங்கள். இறங்கத் தயங்கினால் வலப்புறமாக. ஒவ்வொரு முறையும் பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

‘எச்’, ‘எல்’ என்று குறித்த திருகாணிகளை வீணாகத் தொடாதீர்கள். அவை சங்கிலிக்கு வேலி. ‘எல்’ தளர்ந்தால் சங்கிலி சக்கரக் கம்பிகளுக்குள் விழும், பிள்ளையும் விழும்.

சங்கிலியை அளக்கப் பள்ளி அடிக்கோல் போதும். ஆணிக்கு ஆணி 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றுங்கள். 1/8 வரை விட்டால் பல்சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு!

அமெரிக்காவின் பார்க் டூல் நிறுவனத்தார் இவற்றையெல்லாம் யூடியூப்பில் செய்து காட்டுகிறார்கள். பேச்சு ஆங்கிலம்தான். பிள்ளை கேட்டுச் சொல்லட்டும். திருப்புளி உங்கள் கையில் இருக்கட்டும். வெட்டுக்கத்தியைத் தீட்டிப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையா? கடைக்கூலி மிச்சமாவதோடு, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் கிடைக்குமல்லவா?