ஜக்கார்டு ஏறிய தறியும் ஏஐ ஏறிய கல்லூரியும்

கல்லூரி ஆசிரியர் அறைகளில் இரண்டு மூன்று ஆண்டுகளாக ஒரே பேச்சுத்தான். மாணவர் ஏஐ-யைத் தொட்டாலே அது காப்பி; அடியோடு தடை போட வேண்டும்; மீறுகிறவர்களைச் சாஃப்ட்வேர் பிடித்துக் கொடுத்துவிடும். காஞ்சிபுரத்தில் இதற்கு ஓர் உள்ளூர் உவமையும் தயாராக இருக்கிறது: கைத்தறி ஊருக்குள் விசைத்தறி நுழைந்த கதை. உள்ளே விட்டால் தொழிலே போய்விடும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்கு விழுந்த நூலை மொத்தமாக இழுத்தால் அறுந்துதான் போகும். இழை இழையாகப் பிரிக்க வேண்டும்.

முதல் இழை அந்த உவமையேதான். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி வீடுகள் பலவற்றில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளையிட்ட அட்டைகள் அதிலிருந்து மாலை போலத் தொங்கும். எந்த வரிசையில் எந்தப் பாவு இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்பதை அட்டைத் துளைகள் சொல்லும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் தான் வடிவமைத்த கணக்கிடும் எந்திரத்துக்கு இதே துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த எந்திரத்தைப் பற்றி 1843-இல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டுத்தான் அதை விளக்கினார். எந்திரம் தானாக எதையும் படைக்காது என்று அவர் சொன்ன கருத்தோடு, நூறாண்டு கழித்து, 1950-இல் ஆலன் டூரிங் வாதாடினார். இன்று ஆசிரியர் அறையில் நடக்கும் சண்டையின் மூதாதை, நெசவாளி தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெட்டி ஏறியதால் காஞ்சிப் பட்டு கைத்தறிப் பட்டாக இல்லாமல் போயிற்றா? இல்லை. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985-இல் வந்த சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்கிறது. கருவி இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்கவில்லை. தறியை ஓட்டுவது எது என்று பார்த்தது. டிசைன் வரைவதற்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் கோர்வைச் சேலை கோர்வைச் சேலைதான். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு, கூட உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை என்று அதன் வேலை அப்படியே இருக்கிறது.

விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது வேறு விஷயம். அங்கே குற்றம் விசைத்தறி அல்ல, பொய்ச் சீட்டு. அதனால்தான் சீட்டுகளும் ஒன்றுக்கு ஒன்று வேறாக வந்தன. 2004-இல் வந்த சில்க் மார்க், இது அசல் பட்டு என்று மட்டும் சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்லாது. அதைச் சொல்ல 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு 2005-06-இல் கிடைத்தது. ஒரே சேலைக்கு மூன்று கேள்வி, மூன்று பதில். கல்லூரியோ ‘ஏஐ பயன்படுத்தினாயா, இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்கிறது.

அடுத்தது, சாஃப்ட்வேர் பிடித்துவிடும் என்ற நம்பிக்கை. ஆகப் பலவீனமான இழை இதுதான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. நிறுவனமே சொன்ன கணக்குப்படி, எந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகச் சுட்டியது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்றது. அறுபது பேர் வகுப்பில் அத்தனை பேரும் சொந்தக் கையால் எழுதியிருந்தாலும் சராசரியாக ஐந்து பேருக்குத் திருட்டுப் பட்டம் வந்திருக்கும். அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மற்ற கருவிகள் தேவலை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஓராண்டில் 75,000 தாள்களை டர்னிட்டின் மென்பொருள் வழியாகச் சோதித்திருந்தது. நூற்றுக்கு ஒன்று தவறினாலே 750 தாள்கள் மீது வீண்பழி விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, 2023 ஆகஸ்டில் அதன் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்துவிட்டது.

காஞ்சிபுரத்துக்கு இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்று உண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகள் எந்திரம் எழுதியவை என்று முடிவு வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவை கிட்டத்தட்ட எல்லாமே தப்பித்தன. காரணம் எளியது. சின்னச் சொற்கள், பழகிய வாக்கியம், மேலே போகத் துணியாத நடை ஆகியவற்றைக் கருவி எந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு, கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலத்தில் செமினார் எழுதும் நெசவாளி வீட்டுப் பிள்ளையும் அப்படித்தானே எழுதும்? கருவி பிடிப்பது திருடனையா, ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவரையா?

வேறு வழியும் ஊரில் இருக்கிறதே என்று தோன்றலாம். பட்டில் சந்தேகம் வந்தால் இழையைப் பிரித்து எரித்துப் பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. எழுத்தில் அப்படி எரித்துப் பார்க்க எதுவும் இல்லை. எந்திரம் போட்ட சொல்லும் மனிதர் போட்ட சொல்லும் ஒரே நூல்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதும் அரைகுறை ஆறுதல். கருத்துத்திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் விதிகள் கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. ஆனால் அந்த விதிகள் அளப்பது ஏற்கெனவே உள்ள எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை. ஏஐ அப்போதைக்கப்போது புதிதாகக் கோத்துத் தருவது அந்த வலையில் சிக்காது. வேறு வலை வீசினால் என்ன ஆகும் என்பதை ஹரியானாவின் சோனிபட் காட்டியது. அங்கே ஒரு சட்ட முதுகலை மாணவரின் விடை 88 விழுக்காடு ஏஐ என்று சொல்லித் தோல்வி போட்டார்கள். அவர் 2024-இல் உயர் நீதிமன்றம் போனார். விசாரணை நடக்கும்போதே பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெறச் செய்ய, வழக்கு முடிந்தது. அந்த 88 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

ஏஐ வந்தால் பிள்ளைகள் படிக்கவே மாட்டார்கள் என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. வெறும் சாட்ஜிபிடியைக் கையில் கொடுத்தபோது பயிற்சியில் 48 விழுக்காடு கூடுதல் மதிப்பெண். அதைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்ததும், அதை ஒருநாளும் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவு. ஆனால் அதே சோதனையில் இன்னொரு குழுவும் இருந்தது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த ஏஐ அவர்களுக்குக் கிடைத்தது. பயிற்சியில் அவர்கள் 127 விழுக்காடு முன்னேறினார்கள், தேர்விலும் சரியவில்லை. கருவி ஒன்றேதான். வேறுபாடு, வாத்தியார் அதற்குப் போட்ட கடிவாளத்தில். தடை கேட்பவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஏஐ-க்கு முன்னால் கல்லூரி ஏதோ புனிதமாக இருந்ததுபோலப் பேசுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். கைடும், ஜெராக்ஸ் கடையில் கைமாறிய போன வருஷத்து ப்ராஜெக்டும் எல்லாருக்கும் தெரிந்தவை.

எதிர்த்தரப்பிலும் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஏஐ வெறும் கால்குலேட்டர்தானே என்பது. இதுவும் நிற்காது. கால்குலேட்டர் இல்லாத எண்ணைக் கற்பனை செய்யாது. சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மனுப் போட்ட நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

அப்படிப் பிழை விடும் கருவி வகுப்பில் எதற்கு என்றால், பிழையே பாடமாகும் என்பதால்தான். காஞ்சிபுரத்துக் கல்லூரிகளுக்கு இதில் வசதி அதிகம். சரிபார்க்க வேண்டிய ஆதாரம் கல்லிலேயே இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு, 919-இலும் 921-இலும் பொறித்தவை. குடும்புகள் என்னும் 30 ஊர்ப் பிரிவுகள், வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு, கணக்குக் காட்டாமல் போன வாரியத்தாரும் அவர் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்ற விதி எல்லாம் அவற்றில் வருகின்றன. இந்தக் கல்வெட்டுகள் இருக்கும் கோயில் வைகுண்டப் பெருமாள் கோயில். காஞ்சி நகரத்துக்குள்ளும் ஒரு வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அது நந்திவர்மப் பல்லவன் கட்டிய பரமேச்சுர விண்ணகரம், சுவர் முழுக்கப் பல்லவர் வரலாற்றுச் சிற்பங்கள். பெயர் ஒன்று, ஊர் வேறு. அவசரக்காரர்களும் எந்திரங்களும் விழுவதற்கென்றே வெட்டிவைத்த பள்ளம். ஏஐ எழுதித் தந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்து, நேரில் போய்ப் பார்த்து எத்தனை இடத்தில் சறுக்கியிருக்கிறது என்று குறித்து வரச் சொன்னால், மாணவர் கல்வெட்டும் படிப்பார், கருவியின் குணமும் அறிவார். இன்னும் சுலபமான கேள்வி வேண்டுமானால் காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பெயரில்தான் காஞ்சிபுரம், 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு மேலக்கோட்டையூர் வளாகம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

தடை போட்டால் ஆபத்து குறையும் என்பதும் தலைகீழ். தடை போட்ட கல்லூரியில் போன் பையிலிருந்து வெளியேறிவிடுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழிதான் அடைபடுகிறது. நெசவாளி வீட்டில் எடுத்த பேட்டியையும், இன்னும் தறி ஏறாத டிசைனின் படத்தையும் அப்படியே ஒரு செயலியில் ஏற்றினால் அது எங்கே போகும், யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதை மாணவருக்கு யார் சொல்லித் தருவது?

சொல்லித்தரக் கூடியது, சேலைக்கு இருப்பதுபோல ஒரு சீட்டுத்தான். ப்ராஜெக்டின் முதல் பக்கத்தில் நான்கு வரி: தலைப்பு யோசிக்க ஏஐ-யிடம் கேட்டது, ஆங்கில வாக்கியங்களை அதைக் கொண்டு திருத்தியது, பேட்டி தானே எடுத்தது, கல்வெட்டுப் பகுதியை நேரில் போய்ச் சரிபார்த்தது. அதன் பிறகு மாணவரை எதிரில் உட்காரவைத்து, எழுதியதைப் பற்றி வாய்மொழியாக இரண்டு கேள்வி. சீட்டு பொய்யா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் ஒரே ஒரு பதிலுக்குத்தான் மறுப்பு இல்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். ஒரு பாடத்துக்கே இவ்வளவு. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் துறையில் அந்த ஐந்து மணி நேரம் யாருடைய டைம்டேபிளில் ஏறும் என்பதைத் தடை கேட்பவர்களும் சொல்லவில்லை, ஏஐ-யைக் கொண்டாடுகிறவர்களும் சொல்லவில்லை.