வேங்கிக்காலில் வெளிநாட்டவருக்கு வீடு விடுறீங்களா? இதை முதல்ல படிங்க!

ரமணாசிரமம் தேடி திருவண்ணாமலை வரும் வெளிநாட்டவர்களில் சிலர் வேங்கிக்கால் வரை வாடகைக்கு வீடு பிடித்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். ஹவுஸ் ஓனர் முதலில் பார்ப்பது அட்வான்ஸ். ஆனா சட்டம் கேட்பது ‘படிவம் III’ (முன்பு ‘படிவம் சி’). ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை ஆன்லைனில் பதியணும். ஹோட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இதே விதிதான்.

5 ஆண்டு இ-டூரிஸ்ட் விசா இருந்தாலும் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள்தான் தங்கலாம்.

சரி, இடம் வாங்கிப் போடலாமா? டூரிஸ்ட் விசாவில் வருபவர், இந்திய வம்சாவளி இல்லையென்றால், முடியாது. 5 ஆண்டுக்கு மிகாத குத்தகைதான் வழி. இதைத் தாண்ட, நம்பிக்கையான உள்ளூர்க்காரர் பேரில் பத்திரம் போடுவதுதான் ரொம்ப ஆபத்து. நாளைக்கு அவர் ‘இடம் என்னுது’ன்னு சொன்னா, பணம் கொடுத்தவர் கோர்ட்டில் உரிமை கேட்கவே 1988 பினாமி சட்டம் இடம் தராது. சொத்தும் பறிமுதல் ஆகலாம்.