கள்ளப் பிரதியில் ‘ஜெய் பீம்’ பார்த்தவர் திருடரா?

முன்பு திருட்டு விசிடி என்றார்கள். இப்போது பைரசி என்கிறார்கள். பெயர் மாறினாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறவில்லை. பிளாட்பாரத்தில் குறுந்தகடு விற்றவரும், காசு கட்டாமல் படம் பார்த்தவரும்தான் அன்றைக்கும் இன்றைக்கும் ‘திருடர்கள்’. படத்தைத் தயாரித்து விற்கும் முதலாளிகள் தங்கள் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்ற கேள்வி மட்டும் எந்த மேடையிலும் எழுவதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டம் 1982ஆம் ஆண்டு வந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி என்று நீண்ட அதன் பட்டியலில் 2004ஆம் ஆண்டு ‘வீடியோ திருடர்’ என்பவரும் சேர்க்கப்பட்டார். விசாரணை முடியும் முன்பே, ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்க முடிகிற சட்டம் அது. திரையரங்கிலிருந்தோ, லேபிலிருந்தோ பிரதியை வெளியே கடத்துபவரைப் பிடிப்பது கடினம். சாலையோரத்தில் துணி விரித்து விற்பவரைப் பிடிப்பது எளிது. இந்தச் சட்டத்தின் கைக்கு முதலில் எட்டுபவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘திருடன்’ என்ற சொல்லுக்கு நம் மண்ணில் சாதி உண்டு, தோழர்களே. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர் உள்ளிட்ட சமூகங்களில் பிறக்கும் குழந்தைகூடப் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியது என்று எழுதிவைத்த சட்டம் அது. அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் ஊரில் நகை காணாமல் போனால் காவல்துறை ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்பது இன்னும் மாறவில்லை.

1993ஆம் ஆண்டு விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராசாக்கண்ணு மீது அப்படித்தான் நகைத் திருட்டுப் பழி விழுந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்ட அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி பார்வதி நடத்திய சட்டப் போராட்டமே ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை. படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பமாக வருகிறது. 2021 நவம்பர் 2 அன்று அந்தப் படம் திரையரங்குக்கு வராமல் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது.

எங்கள் சோரியாங்குப்பம் பாகூர் கொம்யூனின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். படத்தின் கதை நடந்த மாவட்டம் எங்களுக்கு ஆற்றின் அக்கரை. எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்த பலர் செல்போனிலிருந்து செல்போனுக்குக் கைமாறிய கோப்பாகத்தான் பார்த்தார்கள். பிரைமின் ஆண்டுச் சந்தா அப்போது 999 ரூபாய். படம் வந்து ஆறே வாரத்தில், டிசம்பர் 14ஆம் தேதி, அது 1,499 ரூபாயானது. அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஒரு படம் பார்க்க ஐந்தரை நாள் மண் வெட்ட வேண்டும். மாதச் சந்தா கட்டலாமே என்பார்கள். அதற்கும் வங்கி அட்டையோ யுபிஐயோ வேண்டும். ‘இந்த ஒரு படத்துக்கு மட்டும் முப்பது ரூபாய் தருகிறேன்’ என்று நிற்பவருக்கு அங்கே கவுண்டரே கிடையாது.

திருட்டுப் பழியால் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு மனிதனின் கதை. அதை அதே வர்க்கத்து மக்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சூட்டப்படும் பெயரும் ‘திருடர்’! இதைவிடக் கொடிய நகைமுரண் வேறு உண்டா?

சரி, காசு கொடுத்தவருக்காவது மரியாதை கிடைக்கிறதா? 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில் ‘பத்து தல’ பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தினரின் கையில் டிக்கெட் இருந்தது. ஊழியர்கள் உள்ளே விடவில்லை. காணொளி பரவி எதிர்ப்பு எழுந்த பிறகு, படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, குழந்தைகள் இருந்ததால் தடுத்தோம் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. பிறகு அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பெற்றோர் துணையோடு குழந்தைகள் படம் பார்க்கலாம் என்பதுதான் பொருள் என்பது டிக்கெட் கிழிப்பவருக்குத் தெரியாதா? விலையைக் கொடுத்த பிறகும் சிலர் வாடிக்கையாளர் ஆவதில்லை என்பதை அந்த வாசல் காட்டியது.

இணையத்தில் வாசலே தெரியாது. ஆனால் சாவி எப்போதும் அவர்களிடமே இருக்கும். 2009 ஜூலையில் அமேசான், ஆர்வெல்லின் ‘1984’ நூலை விலைக்கு வாங்கியிருந்தவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அதைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் கடைக்காரர் இரவில் நம் வீட்டுக்குள் புகுந்து புத்தகத்தை எடுத்துப் போய், காசை மேசையில் வைத்துவிட்டுச் சென்றால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்? ஹாட்ஸ்டாரில் இருந்த எச்பிஓ தொடர்கள் 2023 மார்ச் 31க்குப் பிறகு காணாமல் போயின. சந்தா கட்டியவர் பாதியில் நின்றார். 2025 ஜூன் 17 முதல் பிரைமில், ஏற்கெனவே பணம் கட்டியவரும் விளம்பரம் பார்க்க வேண்டும். விளம்பரம் வேண்டாமென்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய். டிவிடி காலத்திலும் இதே கதைதான். ‘பைரசி குற்றம்’ என்ற தாண்ட முடியாத எச்சரிக்கையை உட்கார்ந்து பார்த்தவர், காசு கொடுத்து வாங்கியவர். கள்ளப் பிரதி பார்த்தவருக்கு நேராகப் படமே தொடங்கியது.

நேர்மையான வழிகள் முளைத்தபோது திரைத்துறை என்ன செய்தது? 2015ஆம் ஆண்டு இயக்குநர் சேரன் ‘சினிமா டு ஹோம்’ திட்டத்தில் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீடுகளுக்கே கொண்டுவந்தார். கள்ள விசிடியோடு விலையில் மோதிப் பார்த்த முயற்சி அது. திரையரங்கு உரிமையாளர்கள் அதை எதிர்த்தார்கள். திட்டம் நிலைக்கவில்லை. 2020ஆம் ஆண்டு, கொரோனாவில் அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடிக்குப் போவதாக அறிவித்ததும், அந்த நிறுவனத்தின் படங்களை இனித் திரையிடமாட்டோம் என்று மிரட்டல் வந்தது. சட்டப்படி பார்க்கும் கதவைச் சாத்திவிட்டு, சன்னல் வழியாக நுழைந்தவரைத் திட்டுவது என்ன நியாயம்?

விலையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் இந்தியாவில் 499 ரூபாய்த் திட்டத்தை 199 ரூபாயாகக் குறைத்தது. அதன் பிறகு இங்கே பார்வை நேரமும் வருவாயும் கூடியதாக 2023ஆம் ஆண்டு அந்நிறுவனமே தன் பங்குதாரர்களுக்கு எழுதியது. ஆனால் நம் அரசு எடுத்தது தண்டனை வழியை. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

கள்ளத் தளங்களை நடத்துபவர்களை நான் புரட்சியாளர் ஆக்கவில்லை. சூதாட்ட விளம்பரத்தில் காசு பார்க்கும் முதலாளிகள் அவர்கள். பெரிய நடிகரின் படம் வசூலித்துவிடும். நம்முடைய சிறிய படம், சாதியை நேருக்கு நேர் பேசியதால் அரங்கு கிடைக்காத படம், முதல் நாளே கசிந்தால் அதை எடுத்தவர் அடுத்த படம் எடுக்க முடியாது. லைட் தூக்கியவரின் பேட்டா பாக்கி நின்றுவிடும். எனவே கட்ட முடிந்தவர்கள் கட்ட வேண்டும். என் எதிர்ப்பு, கட்ட முடியாதவரைக் குற்றவாளி என்று அழைக்கும் திமிருக்கு எதிரானது.

நம் வீட்டுக்குள்ளும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 1925 முதல் 1938 வரையிலான ‘குடிஅரசு’ இதழ்களில் பெரியார் எழுதியதையும் பேசியதையும் 27 தொகுதிகளாகக் கொண்டுவரப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, பதிப்புரிமை எங்களுடையது என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்றது. 2009 ஜூலையில் தடை கோரிய அந்த மனுவைத் தள்ளுபடி செய்தவர் நீதிபதி கே.சந்துரு. ‘ஜெய் பீம்’ படத்தின் வழக்கறிஞர் பாத்திரத்துக்கு ஊற்றான அதே சந்துரு. மூலையில் பூட்டிவைப்பதற்காகப் பெரியார் எழுதவில்லை. சாதி ஒழிப்பைப் பேசும் படைப்புக்கும் அதே அளவுகோலைத்தான் நான் வைப்பேன்.

ஆகவே நம் பக்கத்துப் படைப்பாளிகளிடம் சில கோரிக்கைகள். ஓடிடிக்கு உரிமை விற்கும்போது, கிராமங்களில் இலவசமாகத் திரையிடும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்தாவது ஒரு படத்தை ஒரு சிறிய விலைக்கு, பதிவிறக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி விற்கப் பாருங்கள். யாருடைய வாழ்க்கையை எடுத்தீர்களோ அந்தக் காலனியில் முதல் காட்சியைப் போடுங்கள். ஒரு புரொஜெக்டரும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். துணி கட்டவும் நாற்காலி போடவும் எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது.