படை வாகனங்களின் பழைய கணக்கு

ராணுவப் பணியிலிருந்து கழிக்கப்பட்ட வாகனங்களுக்கு நம் நாட்டில் எப்போதுமே ஒரு மவுசு உண்டு. 'மிலிட்டரி டிஸ்போசல்' என்பது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஏறத்தாழத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்நியப் படைகள் விட்டுச்சென்ற ஜீப்புகளில் தொடங்கிய இந்த ஈர்ப்பு, இன்று ஜிப்ஸியிலும் ஜோங்காவிலும் வந்து நிற்கிறது. 2019-இல் மகேந்திர சிங் தோனி ராஞ்சியில் ஒரு ஜோங்காவை ஓட்டிச்சென்ற படங்கள் வெளியானபோது, அந்தப் பெயரையே கேள்விப்பட்டிராத இளைஞர்களும் அதைத் தேடத் தொடங்கினர்.

ஆனால், இப்படி ஒரு வாகனத்தை வாங்குபவர் அதன் கடந்த காலத்தை அறிய முற்பட்டால் என்ன கிடைக்கும்? எந்த ஆண்டு படையில் சேர்ந்தது, எத்தனை முறை முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டது, விபத்தில் சிக்கியதா, ஏன் கழிக்கப்பட்டது என்ற எளிய கேள்விகளுக்குக்கூட விடை கிடைப்பது அரிது. இதை ஆர்வலர்களின் பொழுதுபோக்குக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. சாலையில் ஓடும் ஒரு வாகனத்தின் பாதுகாப்பும், மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய ஒரு சொத்தின் கணக்கும் இதில் அடங்கியுள்ளன.

வாலாஜாபாத் அருகே வசிக்கும் நண்பர் ஒருவர் பல கை மாறி வந்த ஜோங்கா ஒன்றை வாங்கினார். ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையொன்றில் தர ஆய்வுப் பணியில் இருப்பவர். எந்த உதிரிபாகத்துக்கும் பிறந்த தேதியும் தொகுப்பு எண்ணும் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய அன்றாடத் தொழில் ஒழுக்கம். அந்தக் கண்ணோடு தம் வண்டியைப் பார்த்தவருக்கு அது ஒரு புதிராகத் தோன்றியதில் வியப்பில்லை. அதன் பணிவரலாற்றைத் தேடுவதில் நானும் சில மாதங்கள் அவருடன் சேர்ந்துகொண்டேன். அந்தத் தேடலே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

படை வாகனத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் எண். மாநிலப் பதிவெண்களைப் போலன்றி, மேல்நோக்கிய அம்புக்குறியைத் தாங்கிய எண் அது. பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகள் மீது பொறித்து வந்த அகன்ற அம்பின் தொடர்ச்சி. அம்புக்குறியை ஒட்டிய இரண்டு இலக்கங்கள், வாகனம் ராணுவத்தால் கொள்முதல் செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும். அடுத்து ஒரு குறியீட்டு எழுத்து, பின்னர் வரிசை எண், கடைசியில் வாகன வகையைக் காட்டும் எழுத்து. இவ்வளவையும் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், ஏலத்தில் விற்கும் முன்னரோ விற்ற உடனேயோ அந்த எண் அழிக்கப்பட்டுவிடும். அழிக்கப்பட வேண்டியதுதான், படையில் இல்லாத வாகனம் படையின் எண்ணோடு சாலையில் திரிவதை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால், எண் அழியும்போது அதனோடு சேர்ந்து வாகனத்தின் அடையாளமும் அறுந்துபோகிறது என்பதுதான் கேள்வி.

எஞ்சியிருப்பவை உடலில் உள்ள தடயங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், உலோகத் தகடுகள், அடுக்கடுக்கான வண்ணப்பூச்சு. பெயின்ட்டை மெல்லத் தேய்த்துப் பார்த்தால் பச்சைக்கு அடியில் பாலைவன மணல் நிறம் தெரியக்கூடும். அப்படியானால் மேற்கு எல்லையில் பணியாற்றியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம் ஊகம்தான். நண்பரின் வண்டியில் மூன்று அடுக்குகள் இருந்தன. நடுவில் இருந்தது ராணுவப் பூச்சா, இடையில் வைத்திருந்த உரிமையாளர் யாரோ ஆசைக்கு அடித்ததா என்பதை எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை.

வாகனத்தின் பிறப்பு மட்டும் தெளிவாகவே இருக்கிறது. ஜப்பானின் நிசான் நிறுவனத்துடைய 'பேட்ரோல்' வண்டியை அடிப்படையாகக் கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் அரசுத் தொழிற்சாலையில் உருவானது ஜோங்கா. பெயரே ஜபல்பூர் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரெழுத்துகளின் சுருக்கம்தான். 1969-இல் தொடங்கிய ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை இதைச் சுமார் முப்பது ஆண்டுகள் தயாரித்தது. அதே நிசான் 2010 முதல் ஒரகடத்தில் ரெனோவுடன் சேர்ந்து கார்களைத் தயாரித்தது என்பதை நண்பர் அடிக்கடி நினைவூட்டுவார். அவருடைய வண்டிக்கும் அவருடைய ஊருக்கும் அது ஒரு தூரத்து உறவு. ராயல் என்ஃபீல்டின் கதையும் இத்தகையதே. 1950-களின் முற்பாதியில் இந்திய ராணுவம் கேட்ட 800 புல்லட்டுகள்தான் அந்த நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் காலூன்ற வழிவகுத்தன. இன்று அதன் பெரிய ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. படைக்காகப் பிறந்த வாகனத் தொழிலின் பேரப்பிள்ளைகள் நடுவேதான் இந்தப் பகுதி மக்கள் வாழ்கிறார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-ஆவது பிரிவு, பாதுகாப்புப் பணிக்கான மத்திய அரசு வாகனங்களைத் தனியொரு அமைப்பே பதிவு செய்துகொள்ள அனுமதிக்கிறது. அந்த வாகனம் அரசின் உடைமையாக இல்லாமல் போகும்போது மற்ற வாகனங்களைப் போல மாநிலத்தில் பதிவு பெற வேண்டும். மாநில அரசு கேட்டால் பதிவு அமைப்பு தகவல் தர வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எந்தத் தகவல்? வாகனத்தின் பொதுவான தன்மை, அளவு, அச்சுச் சுமை. அவ்வளவுதான். மத்திய மோட்டார் வாகன விதி 47, முன்னாள் ராணுவ வாகனத்தைப் பதிவு செய்ய உரிய அதிகாரியின் அசல் விற்பனைச் சான்றிதழைக் கேட்கிறது. படிவம் 21 எனப்படும் அந்தச் சான்றிதழில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், ஆண்டு, சேஸிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், இருக்கைகள், எடை, வண்ணம் ஆகியவை இடம்பெறும். புது வாகனத்துக்கு முகவர் தரும் அதே படிவம்தான் இருபது ஆண்டுகள் மலையேறி இறங்கிய வாகனத்துக்கும். இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்த ஆண்டுகளின் கணக்கு இல்லாமலில்லை என்பதுதான் வேடிக்கை. ராணுவ வாகனம் ஒவ்வொன்றுக்கும் பதிவேடு உண்டு. எவ்வளவு தூரம் ஓடியது, யார் அனுமதித்தார், என்ன பழுது பார்க்கப்பட்டது என்பதெல்லாம் எழுதப்படுகின்றன. 1943-இல் உருவான மின்-இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு இந்தப் பராமரிப்பைத் தலைமுறைகளாகச் செய்து வருகிறது. இவ்வளவு ஒழுங்காக எழுதப்படும் கணக்கு, வாகனம் ஏல மைதானத்துக்கு வரும்போது அதனோடு வருவதில்லை. 'உள்ளது உள்ளபடியே, உள்ள இடத்திலேயே' என்ற நிபந்தனையோடு விற்பனை முடிந்துவிடுகிறது.

இதை வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். இங்குள்ள ரயில் நிலையத்திலிருந்து புத்தம் புதிய கார்கள் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு நாட்டின் பல மூலைகளுக்கும் செல்கின்றன. ஒவ்வொரு காருக்கும் 17 இலக்க அடையாள எண். அவற்றை ஏற்றிச்செல்லும் பெட்டிகளில் பல, பயணிகள் பெட்டிகளாக ஓடி ஓய்வுபெற்ற பின் மாற்றியமைக்கப்பட்டவை. நம் ரயில் பெட்டிகளில் தயாரித்த ஆண்டு, கடைசியாகப் பணிமனைக்குப் போன தேதி, அடுத்து போக வேண்டிய தேதி, பணிமனையின் பெயர்க்குறி எல்லாம் பெட்டியின் முனைச்சுவரிலேயே பெயின்ட்டில் எழுதப்பட்டிருக்கும். நடைமேடையில் நிற்கும் எவரும் படித்துக்கொள்ளலாம். பணிவரலாறு என்றால் பெரிய ஆவணக் காப்பகம் வேண்டும் என்பதில்லை. ஒரு தூரிகையும் நான்கு வரிகளும் போதும் என்பதை ரயில்வே நெடுங்காலமாகக் காட்டி வருகிறது.

வரலாறு அறியாமல் பழைய படை வாகனம் வாங்கினால் என்ன நேரும் என்பதற்கு அரசே ஓர் எடுத்துக்காட்டு. 1948-இல் காஷ்மீர்ப் போர்ச் சூழலில் அவசரமாக ஜீப்புகள் தேவைப்பட்டன. அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பயன்படுத்திப் புதுப்பித்த ஜீப்புகளுக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். பெரும்பகுதிப் பணம் முன்பணமாகப் போனது. வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். அவையும் பயன்படும் நிலையில் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாராக அது பேசப்பட்டது. 1955-இல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், அரசைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால், அதன் உள்ளீடு மிக எளிமையானது: பழைய வண்டிகளை அவற்றின் பின்னணியைச் சரிபார்க்காமல் வாங்கியது. ஓர் அரசுக்கே இது நேர்ந்ததென்றால், ஏல மைதானத்தில் நிற்கும் தனிமனிதரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே போருக்குப் பிந்தைய ராணுவ வாகனங்களின் பதிவட்டைகள், ராயல் லாஜிஸ்டிக் கோர் படைப்பிரிவின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வைத்திருப்பவர் அதன் ராணுவ எண்ணைத் தந்தால், எந்தக் கிடங்கில் சேர்ந்தது, எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது கழிக்கப்பட்டது என்ற விவரத்தைப் பெற முடியும். ராணுவ ரகசியம் அதனால் கசிந்துவிட்டதாக அங்கே யாரும் கவலைப்படவில்லை.

நம் அதிகாரிகள் முன்வைக்கக்கூடிய தடை பாதுகாப்பு என்பதுதான். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்தப் படைப்பிரிவு எந்த ஆண்டு எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்பது வாகனப் பதிவேட்டிலிருந்தும் தெரியவரும். ஆனால், பிரிவின் பெயரையும் இடத்தையும் விட்டுவிட்டு, இயந்திரத்தின் வரலாற்றை மட்டும் தருவதில் என்ன தடை இருக்க முடியும்? இன்ஜின் மாற்றப்பட்ட ஆண்டும், சேஸிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்ட செய்தியும் எந்த எதிரிக்கும் உதவாது. வாங்குபவரின் உயிரைக் காக்க உதவும். இடமும் பிரிவும் சார்ந்த விவரங்களைக் காலம் கடந்து வெளியிடலாம். 2021 ஜூன் மாதம் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கொள்கை, போர் நாட்குறிப்புகள் உள்ளிட்ட ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கலாம் என்கிறது. போர் நாட்குறிப்புக்கே 25 ஆண்டுகள் போதுமென்றால் ஒரு ஜீப்பின் பதிவேட்டுக்குப் போதாதா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 ஜூலையில், 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குப் 'பழம்பெரும் வாகனம்' என்ற தனிப் பதிவு முறை வந்தது, எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தொடக்க கால ஜோங்காக்கள் இந்த வயதை எட்டிவிட்டன. இங்கே வாகனத்தின் வயதும், அது அசல் வடிவில் இருக்கிறதா என்பதும் சட்டப்பூர்வக் கேள்விகளாகின்றன. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டியாக்கி 'அசல் மிலிட்டரி' என்று விற்பவரையும், உண்மையான பழைய வண்டியைப் பேணுபவரையும் பிரித்தறிய ஆர்.டி.ஓ. அலுவலகத்திடம் இருப்பது, சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த ஒரு படி மட்டுமே.

வாலாஜாபாத்துக்கு ராணுவத்தோடு உள்ள உறவு கார் ஆலைகளைவிட மிகப் பழையது. ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் பெயர் தாங்கிய இந்த ஊர், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் படைமுகாம். மதராஸ் படையின் ஒரு பிரிவே 'வாலாஜாபாத் இலகு காலாட்படை' என்று அழைக்கப்பட்டது. 1903-இல் அதற்கு 83 என்ற எண் தரப்பட்டது. அதன் எண்களும் பெயர்களும் எப்போதெல்லாம் மாறின என்பதை இன்றும் தேடிப் படிக்க முடிகிறது, யாரோ எழுதிவைத்ததால். இருபதாண்டுகளுக்கு முன் கழிக்கப்பட்ட ஓர் ஊர்தியைப் பற்றி அவ்வளவுகூடத் தெரியவில்லை.

ராணுவத்தில் பல்லாண்டுகள் உழைத்த ஜிப்ஸிகள் இப்போது படிப்படியாக விடைபெற்று வருகின்றன. அவற்றின் இடத்துக்குப் புதிய வாகனங்கள் வருகின்றன. மறுபுறம், 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நாட்டின் பாதுகாப்புக்கான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டென்றாலும், பழைய வாகனங்களை உடைப்பு மையங்களுக்கு அனுப்புவதே இனி பொதுப் போக்காக இருக்கும். ஏலப் பட்டியலோடு ஒரு பக்கச் சுருக்கத்தை இணைப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. படிவம் 21-உடன் ஓர் இணைப்புத்தாள் போதும். கொள்முதல் ஆண்டு, முழுப் பழுதுபார்ப்புத் தேதிகள், இன்ஜின் மாற்றம், பெரிய விபத்து, கழித்ததற்கான காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுத ஓர் எழுத்தருக்கு அரை மணி நேரம் ஆகலாம். பதிவேடு வாகனத்தின் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும். வாகனம் மைதானத்தை விட்டு வெளியேறிய பின்னர், எந்தப் பதிவேடு எந்த வண்டிக்கு உரியது என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.